நாலாவது பக்கத்து ஓரக்கல்

"தண்ணியில நடக்கணும்" என்று பிசியோ அம்மா சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "மேலயா, உள்ளயா?" என்பதுதான்.

பிசியோ அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் இடது காலைத் தூக்கி, மடக்கி, பாதியில் நின்றுபோன இடத்தைத் தங்கைக்குக் காட்டினாள். இடுப்பெலும்பில் தகடு வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓட்டல் சலவை அறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றபடியே இஸ்திரி போட்டவள் அக்கா. மாடிப்படியில் ஒரே ஒரு தடவை கால் தவறியதில் அத்தனை வருஷத்து நிற்பும் முடிந்துபோயிற்று. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போக மூன்று நிமிஷம், திரும்பி வர மூன்று நிமிஷம்.

"நெஞ்சளவு தண்ணியில நடந்தா உடம்பு பாரம் இடுப்புல இறங்காது. தினம் அரை மணி நேரம். இன்னும் ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சிடணும். விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் கடைசி வரைக்கும் இந்த வாக்கர்தான்."

"ஏணி வழியா இறங்கலாமா?" என்றாள் தங்கை.

"ஏணியும் கூடாது, படியும் கூடாது. சரிவா இருக்கணும். மெல்ல மெல்ல இறங்கணும்."

ஊரில் இருந்த ஒரே பொதுக் குளத்தில் ஏணிதான். ஆனால் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் பொது நீச்சல் வசதி வாரியம் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. 'கடற்கரை நுழைவுக் குளம்' என்று பலகை வைத்திருந்தார்கள். மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் சுவரே கிடையாது. தரை அப்படியே சரிந்து சரிந்து தண்ணீருக்குள் போய்விடும், கடற்கரையில் கால் நனைக்கப் போவது மாதிரி. குழி வெட்டி, சிமெண்ட் போட்டு, எல்லாம் ஆயிற்று. மேல்பூச்சும் ஓரக்கல்லும் தேர்ந்தெடுப்பதுதான் பாக்கி என்றார்கள்.

"அது ஒரு வேலையா? ஒரு வாரம்" என்றாள் தங்கை. அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். துணிக்கு நூல் பொருத்த அவளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அந்தக் கணக்கில் சொல்லிவிட்டாள். வாரியத்தின் கணக்கு அவளுக்குத் தெரியாது.

வாரிய அலுவலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மேல்பூச்சு மற்றும் ஓரக்கல் தேர்வுக் குழுவுக்குப் பயனாளர் பிரதிநிதி ஒருவர் தேவை. தையல்காரி அக்காவின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். செயலாளர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவங்க நேர்ல வரணும். கூட்டம் மூணாவது மாடியில."

"லிஃப்ட் இருக்கா சார்?"

"இருக்கு. ஓடாது."

"அவங்களால படி ஏற முடியாது சார். அதுக்குத்தானே இந்தக் குளமே—"

"அது எனக்குத் தெரியாதாம்மா? படி ஏற முடியாதவங்களுக்கான குளம். ஒத்துக்கறேன். ஆனா படி ஏற முடியாதவங்க கூட்டத்துக்கு வர முடியாதே? வராதவங்களை எப்படிப் பிரதிநிதியாப் போடறது? உங்களால ஏற முடியுமா?"

"முடியும்."

"அப்ப நீங்கதான் படி ஏற முடியாதவங்க பிரதிநிதி. நீந்தத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"குளத்துல இறங்கின அனுபவம்?"

"இல்ல."

"ரொம்ப நல்லது. எந்தப் பக்கமும் சாயாம முடிவெடுப்பீங்க." பேனாவை மூடிக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. விதி ஒன்பது. பயனாளர் பிரதிநிதி நாற்காலியில உட்காராத கூட்டம், கூட்டமே இல்ல. மத்தவங்க அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தாலும் அது சும்மா உட்கார்ந்திருக்கறதுதான். உங்க பொறுப்பு அவ்வளவு பெரிசு."

வீட்டில் வந்து சொன்னதும் அக்கா புருவத்தைத் தூக்கினாள்.

"நீ இல்லாட்டி அங்க ஒண்ணும் நடக்காதா? இங்க நீ இல்லாட்டித்தான்டி எல்லாம் ஒழுங்கா நடக்குது."

கூட்டம் மாதத்துக்கு ஒன்று. முதல் கூட்டத்துக்குத் தையல்காரி கால் மணி நேரம் தாமதமாகப் போனாள். அறுபத்திரண்டு படி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் திறந்தால், நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர் ஒரு வார்த்தை பேசாமல், தேநீரையும் தொடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதன் பிறகு அவள் பேச முயன்றபோதெல்லாம் செயலாளர் கையைக் காட்டினார். பிரதிநிதி இருக்க வேண்டும் என்றுதான் விதி. பேச வேண்டும் என்று இல்லை.

தலைவர் நல்ல உயரம். வெள்ளைக் காலணி.

"நான் இந்த வாரியத்துல இருபத்தாறு வருஷமா இருக்கேன்" என்று தொடங்கினார். "பதினோரு குளம் கட்டியிருக்கேன். ஒரு தடவையாவது என் கால் நனைஞ்சிருக்குமா? கிடையாது. அவ்வளவு சுத்தமா வேலை பார்த்திருக்கேன். ஒண்ணு சொல்றேன். குளம்ங்கறது முதல்ல பார்க்கறதுக்கு. இறங்கறவங்க அரை மணி நேரம் இறங்குவாங்க, போயிடுவாங்க. நாள் பூராவும் இருக்கறது யாரு? பார்க்கறவங்க. அவங்களை யாராவது நினைச்சோமா?"

யாரும் நினைக்கவில்லை என்று எல்லோரும் தலையசைத்தார்கள். வருகைக்கு என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார் செயலாளர். தையல்காரி கையெழுத்துப் போட்டாள். முதல் மாதம் முடிந்தது.

இரண்டாவது மாதம் மாதிரிகள் வந்தன. மேஜைமேல் பஞ்சு விரித்து, பன்னிரண்டு சதுரப் பலகைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். விடியல் முத்து. மௌன நுரை. பால்நிலா. பதினோரு பலகைகளில் முகம் பார்க்கலாம். பன்னிரண்டாவது மட்டும் சின்னச் சின்னக் கூழாங்கல் பதித்துச் சொரசொரவென்று, சாம்பல் நிறத்தில், கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி ஓரத்தில் கிடந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, வெறும் 'பன்னிரண்டு'.

மேஜை நடுவில் ஓர் அட்டை: மாதிரிகளை நனைக்கக் கூடாது.

மேற்பரப்பு வல்லுநர் என்று ஒருவர் எழுந்தார். வெள்ளைக் கையுறை போட்டு ஒவ்வொரு பலகையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "விடியல் முத்து. தொட்டா கை நிக்காது. அப்படி ஒரு வழவழப்பு. கவனிச்சுப் பாருங்க, கண் வழுக்கிக்கிட்டே போகும்."

"கால்?" என்றாள் தையல்காரி.

வல்லுநர் அவளைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "கால் என் துறை இல்ல."

தேநீர் இடைவேளையில் எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். தையல்காரிக்குக் கை சும்மா இருக்கவில்லை. சாயம் போகுமா, சுருங்குமா என்று நனைத்துப் பார்க்காமல் அவள் ஒரு முழம் துணி வாங்கியதில்லை. பன்னிரண்டாவது பலகையை எடுத்துத் தரையில் வைத்தாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஒற்றைக் காலில் நின்றாள். குதிகாலைத் திருகிப் பார்த்தாள். கால், ஆணி அடித்த மாதிரி நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா இதன்மேல் நடப்பாள். தண்ணீர் முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும், நெஞ்சுக்கு வரும், கால் வழுக்காது.

சரி, அந்த விடியல் முத்தையும் பார்த்துவிடலாம் என்று கை நீட்டியபோது கதவு திறந்தது.

"நனைச்சிட்டாங்க!" என்றார் செயலாளர். வீட்டுக்குத் தீ வைத்தவளைக் கண்ட குரல்.

விசாரணை மூன்றாவது மாதம் நடந்தது. அதே அறை, அதே ஏழு பேர், மேஜையில் தையல்காரி இருந்த பக்கம் மட்டும் காலி. தன்னைப் பற்றிய விசாரணையில் தானே உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால் தையல்காரி நடுவே எழுந்து போகவும் முடியவில்லை.

"ஏன் நனைச்சீங்க?"

"குளத்துல தண்ணி இருக்கும்னு நினைச்சேன் சார்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. பொதுவா இருக்குமே."

"எழுதிக்கங்க" என்றார் தலைவர் செயலாளரிடம். "பிரதிநிதி அனுமானத்தின் பேரில் செயல்பட்டார்."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பன்னிரண்டு நல்லா இருக்கு. ஈரத்துலயும் வழுக்கல. நானே நின்னு பார்த்தேன்."

வல்லுநர் வருத்தத்தோடு கையுறையைக் கழற்றினார். "அதைத்தாம்மா நானும் சொல்றேன். அது இப்ப நனைஞ்ச மாதிரி. மத்த பதினொண்ணும் நனையாத மாதிரி. நனைஞ்சதையும் நனையாததையும் ஒப்பிடறது அறிவியல் இல்ல. பன்னிரண்டைப் போட்டியிலிருந்து எடுத்துட வேண்டியதுதான்."

"அப்ப மத்ததையும் நனைச்சிப் பாருங்களேன்!"

வல்லுநர் பலகைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பதினொண்ணையும் கெடுக்கச் சொல்றீங்களா?" என்றார் தலைவர் மெல்ல.

விடியல் முத்து ஒருமனதாகத் தேர்வானது. தையல்காரி வருகைக்குக் கையெழுத்துப் போட்டாள். கீழே இறங்கும்போது அவளுக்கு ஒன்றுதான் மனதில் ஓடியது. பன்னிரண்டில் ஒன்றே ஒன்று அக்காவைத் தாங்கியிருக்கும். அதைக் கெடுத்தது வேறு யாரும் இல்லை. தன் கையும் தன் தண்ணீர் பாட்டிலும்தான்.

இதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு இப்போது நான்கு நிமிஷம் ஆகிறது. தையல் மிஷினை மிதித்தபடியே அவள் வாக்கரின் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான்காவது மாதம் ஓரக்கல்.

இதில் தனக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும் என்று தையல்காரி நினைத்தாள். முப்பது வருஷமாக ஓரம் அடிக்கிறவள். செயலாளர் படிவத்தை விரித்தார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'ஓரக்கல்லின் உயரம்'. மூன்று கட்டங்களில் ஒரு சாண் என்று எழுதியாயிற்று. பேனா மேற்கில் வந்து நின்றது.

"மேற்கு காலியா இருக்கே?"

"அது காலி இல்ல சார். அதுதான் வழி. சரிவா இறங்கற பக்கம்."

"வழின்னு தனியாக் கட்டம் இல்லையேம்மா."

"உயரம் ஒண்ணும் இல்லன்னு போடுங்களேன்."

"போடலாம். ஆனா ஒண்ணுமில்லாத உயரத்துக்குக் கல் எப்படி வாங்கறது? வாங்காம எப்படி வைக்கறது? வைக்காம, வச்சாச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். அதுவரை அவர் தூங்குகிறார் என்றுதான் தையல்காரி நினைத்திருந்தாள். "குளம் என்றால் நாற்புறமும் ஓரத்தால் சூழப்பட்ட நீர். இதுதான் வரையறை. மூணு பக்கம் ஓரம் இருந்து ஒரு பக்கம் இல்லேன்னா, அது சட்டப்படி குளம் இல்ல."

"வேற என்ன சார்?"

"சிந்தின தண்ணி."

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சிந்தின தண்ணிக்கா இத்தனை கூட்டம் போட்டோம்?"

தையல்காரி எழுந்து நின்றாள். பேச விடாத விதியை இனிப் பார்த்தால் முடியாது. "சார், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஒரு சட்டை தைக்கறேன். சுத்தி ஓரம் அழகா அடிச்சிட்டேன். கழுத்து வெட்டல. கழுத்து இருக்கற இடத்துலயும் ஓரம் அடிச்சு மூடிட்டேன். அந்தச் சட்டையை எப்படிப் போடுவீங்க? தலை எங்க போகும்?"

தலைவர் மெல்லத் தலையை ஆட்டினார். கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது.

"அழகாச் சொன்னீங்கம்மா. இப்படித்தான் சாதாரண மனுஷங்க பேசணும். குறிப்புல சேர்த்துக்கங்க." செயலாளர் வழக்கம்போல் நீட்டிய தாளில் தையல்காரி கையெழுத்துப் போட்டாள்.

குறிப்பு தபாலில் வீட்டுக்கு வந்தது, 'பயனாளர் பிரதிநிதியின் பார்வைக்கு' என்று. தையல்காரி துணி கொடுக்கப் போயிருந்த நேரம். அக்காதான் பிரித்தாள். அவள் திரும்பி வந்தபோது அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில்.

"'நாற்புறமும் ஓரம் அழகாக அடிப்பதன் அவசியத்தைப் பிரதிநிதி தையல் கலையிலிருந்து எடுத்துக்காட்டினார்.' இது நீதானா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"மேற்குப் பக்கமும் ஒரு சாண் கல்லுன்னு போட்டிருக்கு. மேற்குப் பக்கம்தானே நான் இறங்கற பக்கம்?"

"ஆமா."

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு, படி."

தையல்காரி படித்தாள். அவள் போட்டபோது தாளின் மேல்பகுதி மடிந்து இருந்தது. இப்போது விரிந்து இருந்தது. 'மேற்கண்ட முடிவுகளை முழு மனதோடு ஏற்று.'

"வருகைக்குன்னு சொன்னாங்கக்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் தலையணைமேல் வைத்தாள். "பள்ளிக்கூடத்துல என் மார்க்கு அட்டையில அப்பா கையெழுத்தை நீதானே போட்ட? மாட்டிக்கிட்டோம், அடி வாங்கினோம். ஆனா அதுவாவது எனக்காகப் போட்ட கையெழுத்து."

"அக்கா..."

"போய் மிஷினை மிதி. சத்தமாவது கேக்கட்டும்."

மறுநாள் காலையில் தையல்காரி வேலை நடக்கிற இடத்துக்கே போனாள். தண்ணீர் விடாத குளம், வெயிலில் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. சரிவு முழுக்க விடியல் முத்து. சரிவு தொடங்கும் இடத்தில் கொத்தனார் ஓரக்கல்லை நூல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கல்லு எதுக்குன்னு தெரியுமா?"

"சொன்னாங்க, வைக்கறேன். எனக்கும் கண்ணு இருக்கும்மா. வழியில திண்டு வச்சிட்டு அதைக் கடற்கரைன்னு சொன்னா எந்த அலை நம்பும்?"

"இந்தத் தரை? ஈரத்துல நிக்குமா?"

கொத்தனார் வாளித் தண்ணீரைச் சரிவில் சாய்த்தார். தன் சாந்துக்கரண்டியை அந்த ஈரத்தின் மேல் வைத்துக் கையை எடுத்தார். கரண்டி சர்ரென்று அடி வரைக்கும் போய், அங்கே சுற்றிச் சுழன்று நின்றது.

"உட்கார்ந்து கையை விட்டா நேரா உள்ள போயிடலாம்" என்றார். "திரும்பி வர்றதுதான் கஷ்டம். எனக்கே அந்தக் கரண்டியை எடுக்க ஏணி போடணும்."

இதை அன்று மாலை அக்காவிடம் சொன்னாள், ஏதாவது பேச வேண்டுமே என்று. அக்கா சிரிக்கவில்லை. "உட்கார்ந்து கையை விட்டாவா?" என்று மட்டும் கேட்டாள்.

திறப்பு விழா ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. பிசியோ அம்மா அதற்கு முந்தின நாள்தான் அக்காவின் காலை மடக்கிப் பார்த்து, பழைய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே நின்றதைக் கண்டு, பையை மூடிக்கொண்டு போயிருந்தாள்.

"நான் விழாவுக்கு வரேன்" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? பார்த்தா இன்னும் கஷ்டமா இருக்கும்."

"பார்க்கறவங்களுக்காகத்தானே கட்டியிருக்காங்க? பார்க்கறேன். நீ தைச்சியே, அந்த நீலத்தை எடு."

முதல் மாதமே தைத்து வைத்தது அது. முழங்கால் வரைக்கும் நீலம், தண்ணீரில் பிரியாமல் இருக்க மூன்று தையல். தையல்காரி எடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை உள்ளே போட்டுக்கொண்டு மேலே நீள அங்கியை மாட்டினாள். இதைத் தையல்காரி பார்த்தாள். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை.

மேற்குப் பக்கம் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பனுக்குப் பின்னால் ஓரக்கல். கல்லின் முகத்தில் வெட்டிப் பொறித்திருந்தார்கள்: தலைவர், செயலாளர், மேற்பரப்பு வல்லுநர், சட்ட ஆலோசகர். கடைசியில், கொஞ்சம் சின்ன எழுத்தில், பயனாளர் பிரதிநிதி. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் ஆழத்தில் தண்ணீர் தொடங்கி, நீலமாகி, உள்ளே போயிற்று. இரு புறமும் சங்கிலி. சங்கிலியில் ஒரு பலகை: வழுக்கும் பகுதி. பயனாளர்கள் கிழக்குப் பக்க ஏணியைப் பயன்படுத்தவும்.

"முடியாதுங்கறவங்க முடியும்னு காட்டற இடம் இது" என்று தலைவர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "இங்க படி இல்ல. தடை இல்ல. எவ்வளவு அழகா இருக்குன்னா, இதுல யாரையும் இறங்கவிடவே எனக்கு மனசு வரல. அதையும் மீறி இன்னைக்குத் திறக்கறோம். அந்த மனசுதான் பொதுச் சேவை."

கை தட்டினார்கள். அக்கா வாக்கரைத் தட்டித் தட்டிக் கல் வரைக்கும் வந்துவிட்டாள். வாக்கரின் கால்கள் 'பயனாளர் பிரதிநிதி' மேல் இடித்து நின்றன.

"அம்மா, ரிப்பன் வெட்டற வரைக்கும் கொஞ்சம் பின்னால..." என்றார் செயலாளர்.

"நிக்க முடியலய்யா. ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்." அக்கா ரிப்பனை ஒதுக்கிவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்தாள். அங்கியைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் மடித்தாள். வாக்கரைத் தலைவர் பக்கம் தள்ளினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க."

தலைவர் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் வாக்கர்.

அக்கா இடது காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். பிறகு வலது கால்.

"அக்கா! வேணாம்! அக்கா!"

"மேல்பூச்சு நல்லாத்தான்டி இருக்கு" என்றாள் அக்கா. கையை விட்டாள்.

கொத்தனாரின் கரண்டி போன வழியே போனாள். சத்தமே இல்லை. ஏழு பேர் தேர்ந்தெடுத்த விடியல் முத்து, ஒரு தடங்கல் இல்லாமல் அவளைக் கொண்டுபோய் நெஞ்சளவு தண்ணீரில் விட்டது. தலை ஒரு கணம் முங்கிற்று. தையல்காரிக்கு அப்புறம் எதுவும் தெரியவில்லை. செருப்போடு, ரிப்பனோடு, அவளும் சறுக்கிக்கொண்டு போனாள். போய்ப் பிடித்தபோது அக்கா நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல்.

"கையை விடு. நான் நிக்கறேன் பாரு."

"பைத்தியம்! எலும்பு என்ன ஆகறது?"

"விடுடி. பாரம் தெரியல."

ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. இடது கால் தண்ணீருக்குள், பழைய இடத்தையும் தாண்டி, மெல்ல முன்னால் போவதைத் தையல்காரி குனிந்து பார்த்தாள். அழுகை வந்தது. அழ நேரமில்லை.

மேலே காவலாளி உதவிக்கு வரக் கல்லைத் தாண்டி ஒரு கால் வைத்தான். வைத்த கால் அவனைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. ஓரக்கல்லைக் கட்டிப்பிடித்துத் தொங்கினான், நாலு பேர் இழுத்துப் போட்டார்கள்.

"யாரும் காலை வைக்காதீங்க!" என்று கத்தினார் செயலாளர், விதிப் புத்தகத்தைப் புரட்டியபடியே. "உள்ள போறதுக்குப் பதினாலு விதி இருக்கு. வெளிய வர்றதுக்குத் தலைப்பே இல்லையே!"

தையல்காரி முழங்கால் போட்டு ஏறிப் பார்த்தாள். இரண்டு அடி ஏறினாள், மூன்று அடி சறுக்கினாள். கிழக்கே ஏணி, செங்குத்தாக ஐந்து படி. அவள் ஏறிவிடலாம். அக்கா? கூட்டத்தின் பின்னாலிருந்து கொத்தனாரின் குரல் கேட்டது, "பலகையும் சாக்கும் போட்டா அஞ்சு நிமிஷத்துல தூக்கிடலாங்க!" அவரை நுழைவுச் சீட்டு இல்லை என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அவரை உள்ள விடுங்க சார்!"

"விடலாம்மா. அதுக்குக் குழு முடிவெடுக்கணும். மேல்பூச்சு மேல பலகை போடறது மேல்பூச்சு விவகாரம்."

குளக்கரையிலேயே நாற்காலி போட்டார்கள். எட்டு நாற்காலி. ஏழு பேர் உட்கார்ந்தார்கள். வாக்கரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவர் தொண்டையைச் சரிசெய்தார். செயலாளர் எட்டாவது நாற்காலியைப் பார்த்தார். உடனே ஏழு பேரும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள்.

"அம்மா!" செயலாளர் கல்லோரம் வந்து குனிந்தார். "ஏணி வழியா நீங்க மட்டும் வந்து உட்காருங்க. விதி ஒன்பது. நீங்க நாற்காலியில உட்காராம நாங்க ஒரு வார்த்தை பேச முடியாது."

"நான் விட்டுட்டு வந்தா இவங்களை யார் பிடிக்கறது?"

"அதையும் கூட்டத்துல வைக்கலாம். நீங்க வாங்க."

வெயில் மேகத்துக்குள் போயிருந்தது. தண்ணீர் குளிர ஆரம்பித்தது. அக்காவின் உதடு வெளுத்து, கை நடுங்கிற்று. ஆனால் நடையை நிறுத்தவில்லை. சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"என்னடி சொல்றாரு?"

"நம்மளை எப்படி வெளிய எடுக்கறதுன்னு பேசணுமாம்."

"பேசட்டுமே."

"நான் வெளிய வந்தாத்தான் பேச முடியுமாம்."

அக்கா நின்று கரையைப் பார்த்தாள். ஏழு பேர், ஒரு காலி நாற்காலி, தலைவர் மடியில் தன் வாக்கர். தங்கையின் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்ப நட."